ஒரு வருஷத்துக்கு எத்தனை நாள்? அமெரிக்கக் கைதிகளுக்கு ஓர் எளிய வழிகாட்டி

அமெரிக்காவில் ஏதோ ஒரு மாநிலத்தில் உங்கள் மீது குற்றம் நிரூபிக்கப்பட்டு, மேல்முறையீடும் தோற்று, நீண்ட தண்டனையோடு உள்ளே இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அரசுத் தரப்பு ஒரு சாட்சியத்தை மறைத்தது, அல்லது உங்கள் வக்கீல் விசாரணை முழுக்க வாயே திறக்கவில்லை என்று நியாயமான ஒரு புகார் உங்களிடம் இருக்கிறது. மனம் தளர வேண்டாம். ஃபெடரல் கோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடலாம். நம்மூரில் ஆளைக் காணோம் என்றால் போடுகிற அதே மனுதான். அங்கே தண்டனைக் கைதியும் 'என்னை அடைத்து வைத்திருப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம்' என்று சொல்ல அதைத்தான் போட வேண்டும். கட்டணம் ஐந்தே டாலர். கெடு ஒரு வருஷம்.

இந்தக் கெடு 1996-இல் வந்தது. அதற்கு முந்தைய வருஷம் ஏப்ரல் 19 அன்று ஓக்லஹோமா நகரில் அரசு அலுவலகக் கட்டடத்தைக் குண்டு வைத்துத் தகர்த்ததில் 168 பேர் இறந்தார்கள். நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பில் உருவாகி, 1996 ஏப்ரல் 24 அன்று கிளின்டன் கையெழுத்திட்ட பயங்கரவாதத் தடுப்பு மற்றும் திறன்மிகு மரண தண்டனைச் சட்டம், குண்டு வைக்காத கைதிகளுக்கும் சேர்த்து ஒரு வருஷம் என்று கோடு கிழித்தது. பன்னிரண்டு மாதம் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகப் போதும். கீழே உள்ள சில படிகளை மட்டும் பிசகாமல் பின்பற்றுங்கள்.

தேவையானவை

ஐந்து டாலர். கையில் இல்லாவிட்டால், உங்கள் சிறைக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அதிகாரி எழுதிக் கொடுக்கும் சான்று. அவர் லீவில் இருந்தால் வரும்வரை காத்திருக்கவும். கெடு காத்திருக்காது.

ஒரு பேனா, நிறையத் தாள், ஒரு காலண்டர்.

வக்கீல். வழக்கு விசாரணைக்கு வசதியில்லாதவர்களுக்கு அரசு வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்று 1963-இல் கிடியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முதல் மேல்முறையீட்டுக்கும் அதே வருஷம் அதே சலுகை. அதற்குப் பிறகு கிடையாது என்று 1987-இல் சொல்லிவிட்டது. மரண தண்டனைக் கைதி ஃபெடரல் கோர்ட்டுக்கு வந்தால் மட்டும் சட்டப்படி ஒருவரை நியமிப்பார்கள். மற்றவர்கள் தாங்களே எழுதிக்கொள்ள வேண்டியதுதான். எழுத்தறிவு குறைவு என்றால் பக்கத்து அறைக்காரரிடம் கேட்கலாம். கைதிக்குக் கைதி மனு எழுதிக் கொடுப்பதை, வேறு உதவி எதுவும் இல்லாத சிறையில் தடுக்கக் கூடாது என்று 1969-இலேயே தீர்ப்பு இருக்கிறது.

சட்டப் புத்தகங்கள். சிறை நூலகம் மோசம் என்று நீங்கள் வழக்குப் போட முடியும். ஆனால் நூலகம் மோசமாக இருந்ததால் உங்களுடைய உருப்படியான ஒரு வழக்கு கெட்டுப்போனதாகக் காட்ட வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படிக் காட்டச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். சட்டம் நூலகத்தில் இருக்கிறது.

படி 1: எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று கண்டுபிடியுங்கள்

தண்டனை கொடுத்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குவது அவசரக்காரர்களின் வேலை. உங்கள் தண்டனை 'இறுதியான' நாளிலிருந்துதான் வருஷம் தொடங்குகிறது. மாநிலத்தின் உயர்ந்த கோர்ட் மேல்முறையீட்டைத் தள்ளிய பிறகு, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை அணுக உங்களுக்கு 90 நாள் உண்டு. அணுகாவிட்டாலும் அந்த 90 நாள் கழிந்த பிறகே ஓட்டம் தொடங்கும். இதுவரை நல்ல செய்தி.

அடுத்து, மாநிலக் கோர்ட்டிலேயே தண்டனையை எதிர்த்து இன்னொரு சுற்று மனு போடுவீர்கள். அது நிலுவையில் இருக்கும்வரை கடிகாரம் நிற்கும். அதையும் மாநிலக் கோர்ட் தள்ளுபடி செய்தால், மறுபடியும் உச்ச நீதிமன்றத்தை அணுக 90 நாள் உண்டு. போன தடவை போலவே இந்த 90 நாளும் கணக்கில் சேராது என்று நினைத்தீர்களா? சேரும். கடிகாரம் ஓடும். 2007-இல் லாரன்ஸ் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் முடிவான விஷயம் இது.

அந்த லாரன்ஸ், ஃபுளோரிடாவின் மரண தண்டனைக் கைதி. அவருடைய மாநில மனு போடப்பட்டதே 364-ஆவது நாளில். மிச்சம் இருந்தது ஒரே நாள். இரண்டாவது 90 நாளிலும் கடிகாரம் நிற்கும் என்று வக்கீல் நம்பியது தப்புக் கணக்காகிவிட்டது. உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகளும் சட்டத்தை அதே மாதிரிதான் படித்தார்கள். அவர்கள் படித்தால் அது மாறுபட்ட தீர்ப்பு. வக்கீல் படித்தால் அது கைதியின் கவனக்குறைவு.

படி 2: சரியான வாசலில், சரியான வரிசையில் நில்லுங்கள்

ஃபெடரல் கோர்ட்டுக்கு நேரே ஓடக் கூடாது. ஒவ்வொரு புகாரையும் முதலில் மாநிலக் கோர்ட்டில் சொல்லித் தோற்றிருக்க வேண்டும். சொல்லாத புகார் ஒன்று கலந்திருந்தாலும் மனு முழுவதையும் திருப்பி அனுப்பலாம். இது 1982-இலிருந்து இருக்கும் விதி.

சரி, திருப்பி அனுப்பட்டுமே, மாநிலத்தில் முடித்துவிட்டு மறுபடி வரலாமே என்பீர்கள். வரலாம். ஆனால் மனு மாநிலக் கோர்ட்டில் கிடக்கும் காலம்தான் கழிக்கப்படும், ஃபெடரல் கோர்ட்டில் கிடக்கும் காலம் கழிக்கப்படாது என்று 2001-இல் டங்கன் வழக்கில் தீர்ப்பானது. சிக்னலில் நின்றாலும் ஓடுகிற ஆட்டோ மீட்டர் மாதிரி. உங்கள் மனுவை ஃபெடரல் நீதிபதி பதினான்கு மாதம் வைத்திருந்து, 'வரிசை மாறி வந்துவிட்டீர்கள்' என்று திருப்பிக் கொடுத்தால், உங்கள் வருஷம் அவர் மேஜையிலேயே தீர்ந்திருக்கும்.

மாநில மனுவிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அது 'முறையாகத் தாக்கல் செய்யப்பட்ட' மனுவாக இருந்தால்தான் கடிகாரம் நிற்கும். முறையானதா இல்லையா என்பது எப்போது தெரியும்? மாநிலக் கோர்ட் தீர்ப்புச் சொல்லும்போது. வருஷக்கணக்கில் விசாரித்துவிட்டு, 'இது எங்கள் மாநிலக் கெடுவைத் தாண்டி வந்த மனு' என்று கடைசியில் அவர்கள் சொன்னால், அந்த மனு முறையானதாக ஒருநாளும் இருந்ததில்லை, கடிகாரமும் ஒரு நொடிகூட நிற்கவில்லை. 2005-இல் பேஸ் வழக்கில் இப்படித்தான் முடிந்தது. சந்தேகம் இருந்தால் பாதுகாப்புக்கு ஃபெடரல் மனுவையும் போட்டுவிட்டு, அதை நிறுத்திவைக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள் என்று அதே தீர்ப்பு யோசனை சொல்கிறது. முன்கூட்டியே போனால் தப்பு, தாமதமாகப் போனாலும் தப்பு என்பவர்கள், இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் நின்றுகொள்ளலாம்.

படி 3: வக்கீல் கிடைத்துவிட்டால், கூடுதல் கவனம் தேவை

வக்கீல் இல்லாதவருக்கு ஒரு வசதி உண்டு. தன் தப்புக்கு மட்டும் பொறுப்பேற்றால் போதும். வக்கீல் உள்ளவர் இரண்டு பேர் தப்புக்கும் பொறுப்பு.

வர்ஜீனியாவில் கோல்மன் என்ற மரண தண்டனைக் கைதிக்காக வக்கீல்கள், மாநிலக் கோர்ட்டில் போட்ட இன்னொரு சுற்று மனுவின் மேல்முறையீட்டு அறிவிப்பை மூன்று நாள் தாமதமாகத் தாக்கல் செய்தார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம், அந்தக் கட்டத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது அரசியல் சட்ட உரிமை அல்ல, ஆகவே வக்கீலின் பிழை கட்சிக்காரரின் தலையில்தான் என்றது. அந்தத் தீர்ப்பு, இது கூட்டாட்சி பற்றிய வழக்கு என்று தொடங்குகிறது. மனிதரைப் பற்றிய வழக்கு என்று தவறாக எண்ணிப் படித்துவிடப் போகிறோமே என்ற அக்கறை. 1992 மே மாதம் அவர் மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டார். 2006-இல் நடந்த டி.என்.ஏ. சோதனை அவர்தான் குற்றவாளி என்று காட்டியது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த மூன்று நாளைக் காட்டிக் கதவைச் சாத்தியபோது, உள்ளே நிற்பவர் யார் என்று பார்த்துச் சாத்தவில்லை. பார்க்கத் தேவையில்லை என்பதுதான் கெடுவின் அழகு.

அலபாமாவின் மேப்பிள்ஸ் கதை வேறு வகை. அவருக்கு நியூயார்க்கின் பெரிய சட்ட நிறுவனம் ஒன்றிலிருந்து இரண்டு இளம் வக்கீல்கள் இலவசமாக வாதாட வந்தார்கள். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே இருவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கைதிக்கும் சொல்லவில்லை, கோர்ட்டுக்கும் சொல்லவில்லை. மனுவைத் தள்ளிய உத்தரவைக் கோர்ட் குமாஸ்தா நியூயார்க்குக்கு அனுப்பினார். உறைகள் பிரிக்கப்படாமல், 'ஆள் இங்கே இல்லை, அனுப்பியவருக்கே திருப்பவும்' என்ற குறிப்போடு திரும்பி வந்தன. குமாஸ்தா அவற்றைக் கோப்பில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். உள்ளூர் வக்கீலுக்கும் ஒரு பிரதி போனது. அவரும் அசையவில்லை. மேல்முறையீட்டுக்கு இருந்த 42 நாள் ஓசையின்றிக் கழிந்தது. கடைசியில் அரசுத் தரப்பு வக்கீல் சிறைக்கே நேராகக் கடிதம் போட்டார்: உங்கள் கெடு முடிந்துவிட்டது. மொத்த விவகாரத்திலும் கைதியின் சரியான முகவரி தெரிந்திருந்தவர் அவர் ஒருவர்தான். 2012-இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என மேப்பிள்ஸ் பக்கம் நின்றது. வக்கீல் கோட்டை விட்டால் உங்கள் பொறுப்பு, வக்கீல் உங்களையே விட்டுவிட்டுப் போய்விட்டால் உங்கள் பொறுப்பல்ல. எனவே மட்டமான வக்கீல் வாய்த்தால், அவர் முற்றாகக் கைகழுவும் அளவுக்கு மட்டமாக இருக்க வேண்டிக்கொள்ளுங்கள்.

அப்படி வேண்டிக்கொள்ளாமல் கடிதம் எழுதியவர் ஹாலண்ட். ஃபுளோரிடாவின் மரண தண்டனைக் கைதி. கெடுவைத் தவற விடாதீர்கள் என்று வக்கீலுக்கு மடல் மேல் மடல் போட்டார். பதில் இல்லை. வக்கீலை மாற்றுங்கள் என்று கோர்ட்டைக் கேட்டார். உங்களுக்குத்தான் வக்கீல் இருக்கிறாரே, நீங்களாக மனுப் போடக் கூடாது என்று அரசுத் தரப்பு சொல்ல, கோர்ட்டும் தள்ளியது. 2006 ஜனவரி 18 அன்று சிறை நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான், மாநிலக் கோர்ட் தன் வழக்கை முடித்துவிட்டதே அவருக்குத் தெரிந்தது. கெடு தாண்டி ஐந்து வாரம் ஆகியிருந்தது. அன்றைக்கே தன் கையால் மனுவை எழுதி மறுநாள் தபாலில் சேர்த்தார். கெடுவை எப்படிக் கணக்கிட வேண்டும் என்பதில் வக்கீலும் கைதியும் முரண்பட்டார்கள். கைதி சொன்னதுதான் சரி.

நம்மூர் கோர்ட்டுகளில் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு அன்றாடச் சரக்கு. அமெரிக்காவில் இந்த ஒரு வருஷக் கெடுவுக்கு அப்படியொன்று உண்டா என்பதையே 2010-இல் ஹாலண்ட் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இரண்டு நிபந்தனை: நீங்கள் விடாமுயற்சியோடு இருந்திருக்க வேண்டும், அசாதாரணமான ஏதோ ஒன்று உங்களைத் தடுத்திருக்க வேண்டும். வக்கீல் நாள் கணக்கில் தவறுவது அசாதாரணம் அல்ல, சர்வ சாதாரணம். ஆகவே எழுதுகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். நகல் எடுக்கும் இயந்திரத்துக்குச் சிறையில் மனுப் போட வேண்டியிருந்தால், அதற்கும் நகல்.

படி 4: தபாலில் சேருங்கள்

இந்த ஒரு படியில் கிண்டலுக்கு இடமில்லை. 1988-இல் ஹூஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் மனிதத்தனமாக யோசித்தது. அந்தக் கைதி 30 நாள் கெடுவில் 27-ஆம் நாளே கடிதத்தைச் சிறை அதிகாரியிடம் கொடுத்திருந்தார். கோர்ட்டில் முத்திரை விழுந்தது 31-ஆம் நாள். வெளியில் இருப்பவன் பஸ் பிடித்துப் போய்க் குமாஸ்தா கண் முன்னால் முத்திரை வாங்கலாம், உள்ளே இருப்பவன் தன்னை எதிர்த்து நிற்கும் அரசின் கையில்தான் கடிதத்தைக் கொடுத்தாக வேண்டும், ஆகவே அந்தக் கையில் கொடுத்த நாளே தாக்கல் நாள் என்றது கோர்ட். மனுப் படிவத்தின் கடைசியில் இதற்கென்றே ஓர் இடம் விட்டிருக்கிறார்கள்: சிறைத் தபாலில் எந்த மாதம், எந்தத் தேதி, எந்த வருஷம் சேர்த்தீர்கள் என்று எழுதி, பொய் சொன்னால் தண்டனை என்று தெரிந்தே சொல்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். மறக்காமல் நிரப்புங்கள். ஆனால் இது ஃபெடரல் கோர்ட்டின் விதி. எல்லா மாநிலங்களும் இதை ஏற்கவில்லை. எந்தக் கடிதம் எந்தக் கோர்ட்டுக்குப் போகிறது என்று பார்த்து அதற்கேற்ற வேகத்தில் கவலைப்படவும்.

படி 5: நீதிபதி சொல்லும் தேதியை நம்பாதீர்கள்

ஒஹையோவின் போல்ஸ் நம்பினார். அவருடைய ஆட்கொணர்வு மனு தள்ளுபடியான பிறகு, மேல்முறையீட்டுக்கு மீண்டும் அவகாசம் கேட்டார். சட்டப்படி 14 நாள் தரலாம். நீதிபதியோ 2004 பிப்ரவரி 10 அன்று உத்தரவு போட்டு, 27-ஆம் தேதி வரை நேரம் என்று எழுதிவிட்டார். அது 17 நாள். போல்ஸ் தரப்பு 26-ஆம் தேதி, அதாவது நீதிபதி கொடுத்த நேரத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே தாக்கல் செய்தது. ஆனால் சட்டக் கணக்கில் இரண்டு நாள் தாமதம். 2007-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று முடிவு செய்தது: சட்டம் போட்ட கெடுவை நீட்ட நீதிபதிக்கு அதிகாரம் இல்லை, ஆகவே வழக்கு இல்லை. நீதித்துறை மனிதர்களை இப்படி நடத்துவது பொறுக்க முடியாதது என்று நீதிபதி சூட்டர் மாறுபட்ட தீர்ப்பில் சீறினார். சீற்றத்துக்கு நான்கு வாக்கு கிடைத்தது.

ஆகவே நீதிபதி தேதி கொடுத்தால், பணிவாக நன்றி சொல்லிவிட்டு, அறைக்கு வந்து விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

படி 6: அலுவலக நேரத்தை மதியுங்கள்

2007 செப்டம்பர் 25 அன்று காலை, விஷ ஊசி போட்டுக் கொல்வது சட்டப்படி சரியா என்ற வழக்கை விசாரிக்க அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அன்று மாலை டெக்சாஸில் மைக்கேல் ரிச்சர்ட் என்பவருக்கு அதே ஊசி போடுவதாக இருந்தது. அவருடைய வக்கீல்கள் அவசர அவசரமாக மனு தயாரித்தார்கள். கம்ப்யூட்டர் தகராறு, ஐந்து மணிக்கு மேல் கொஞ்ச நேரம் அலுவலகத்தைத் திறந்து வையுங்கள் என்று டெக்சாஸ் மாநிலக் கோர்ட்டைத் தொலைபேசியில் கேட்டார்கள். ஐந்து மணிக்குச் சாத்திவிடுவோம் என்று பதில் வந்தது. அன்றிரவே தண்டனை நிறைவேறியது. பிறகு அந்தக் கோர்ட்டின் தலைமை நீதிபதி மீது விசாரணை நடந்தது. 2010-இல் எச்சரிக்கை கொடுத்தார்கள், அதே வருஷம் அதுவும் ரத்தானது.

படி 7: நிரபராதி என்றால் சீக்கிரம் நிரபராதி ஆகுங்கள்

வர்ஜீனியாவில் தண்டனை கொடுத்து 21 நாளுக்குப் பிறகு, நீங்கள் நிரபராதி என்று புதிதாக ஆதாரம் கிடைத்தாலும் அதைப் பார்க்க விசாரணைக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்ற விதி நெடுங்காலம் இருந்தது. ஏர்ல் வாஷிங்டன் என்ற அறிவு வளர்ச்சி குன்றிய பண்ணைத் தொழிலாளி, செய்யாத கொலையை ஒப்புக்கொண்டு 1984-இல் மரண தண்டனை பெற்றார். மறுவருஷம் தண்டனை நாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அது நிறுத்தப்பட்டது. 1993-இல் டி.என்.ஏ. சோதனை அவர்தான் குற்றவாளி என்பதில் பலத்த சந்தேகத்தைக் கிளப்பியபோது 21 நாள் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆளுநர் மரண தண்டனையை ஆயுளாக்கினார். இன்னொரு சோதனைக்குப் பிறகு 2000-இல் இன்னோர் ஆளுநர் மன்னிப்புக் கொடுத்தார். செய்யாததற்கு மன்னிப்பு. 2001-இலும் 2004-இலும் அந்த விதியைத் தளர்த்தினார்கள்.

ஃபெடரல் ஒரு வருஷக் கெடுவையும் நிரபராதி தாண்டலாம் என்று 2013-இல் தீர்ப்பு வந்தது. புதிய ஆதாரத்தைப் பார்த்தால் நியாயமான ஜூரி எவருமே உங்களைத் தண்டித்திருக்க மாட்டார் என்று கோர்ட்டை நம்பவைத்தால் போதும். இதற்கும் ஐந்து வாக்குதான் விழுந்தது. நான்கு பேர் கூடாது என்றார்கள்.

அடிக்கடி எழும் சந்தேகங்கள்

*சிறையில் கலவரம் என்று எங்களை வாரக்கணக்கில் அறையிலேயே பூட்டிவிட்டார்கள். நூலகம் மூடல். அந்த நாட்களைக் கழிப்பார்களா?*

பெரும்பாலும் மாட்டார்கள். சிறையில் பூட்டிவைப்பது அசாதாரணமான நிகழ்ச்சி அல்ல என்பது கோர்ட்டுகளின் அனுபவம்.

*சட்டம் தெரியாது, பள்ளிக்கூடமும் தாண்டியதில்லை. இரக்கம் உண்டா?*

இரக்கம் உண்டு. நாள் கிடையாது.

*கெடுவே கூடாது என்கிறீர்களா?*

இல்லை. சாட்சிகள் மறக்கிறார்கள், சாகிறார்கள். கொலையுண்டவரின் குடும்பம் இருபது வருஷம் கோர்ட் படியிலேயே உட்கார்ந்திருக்க முடியாது. வழக்கு என்றால் ஒரு முடிவு வேண்டும். தபால்காரர், குமாஸ்தா, வக்கீல், நீதிபதி என்று யார் கணக்குத் தப்பினாலும் செலவு ஒரே ஆளின் பெயரில் எழுதப்படுகிறதே, அது மட்டும்தான் நமக்கு இடிக்கிறது.

*என் கெடு எப்போது முடிகிறது என்று நீதிபதியிடமே கேட்டால்?*

கேட்கக் கூடாது என்றில்லை. ஆனால் வக்கீல் இல்லாத கைதிக்குக் கெடு பற்றி எச்சரிக்கும் கடமை நீதிபதிக்குக் கிடையாது என்று 2004-இல் ப்ளைலர் வழக்கில் சொல்லிவிட்டார்கள். நீதிபதி உங்களுக்கு வழி சொன்னால் அவர் உங்கள் வக்கீலாகிவிடுவார், நடுநிலை கெட்டுவிடும்.

*அரசுத் தரப்பு தப்பாக எண்ணினால்?*

நல்ல கேள்வி. ஃபுளோரிடாவின் டே வழக்கில் அது நடந்தது. கைதி செலவழித்தது 352 நாள், மனு கெடுவுக்குள் வந்துவிட்டது என்று அரசு வக்கீலே எழுதிக் கொடுத்தார். நீதிமன்றத்தில் ஒருவர் கோப்பை எடுத்து நிதானமாகக் கூட்டிப் பார்த்தார். 388 வந்தது. அரசு கேட்காமலே கோர்ட் அந்தக் கணக்கைத் திருத்தி, மனுவைத் தள்ளுபடி செய்தது. வெளிப்படையான கூட்டல் பிழையை நீதிபதி தானாகத் திருத்தலாம், தப்பில்லை என்று 2006-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நடுநிலை கெடவில்லை. ஆகவே அமெரிக்கக் கோர்ட்டில் நாள் எண்ணுவதற்கு உதவி கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேட்காமலே கிடைக்கும், நீங்கள் அரசாங்கமாக மட்டும் இருந்துவிட்டால்.